முதலைத் தோல் பை: பளபளப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சில மாதங்களுக்கு முன் சென்னையில் ஒரு சிறு கூட்டம். வெகுஜன ரசனை பற்றிப் பேச்சு. பேசிய நண்பர் நிறையப் படித்தவர், எங்கள் மக்கள்மீது அக்கறை உள்ளவர்தான். 'கிட்ச்' என்கிற கருத்தாக்கத்தை விளக்குவதற்கு உதாரணம் தேடியவர், முதல் நாள் ரயிலில் எதிர் இருக்கையில் பார்த்த ஒரு பெண்ணின் கைப்பையைச் சொன்னார். கத்தரிப்பூக் கலர். மேலே முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமாக அச்சு. தங்க முலாம் பூசிய கொக்கி. "முதலை செத்துப்போயிருக்கும், அதுவும் வெட்கத்தில்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

சிரித்துவிட்டு ராணிப்பேட்டைக்கு ரயில் ஏறினேன். வழியெல்லாம் என் அக்காவின் பைதான் ஞாபகத்தில் இருந்தது. அதே நிறம் இல்லை, மெரூன். மற்றபடி அதே கட்டம், அதே கொக்கி. அக்கா கல்யாணத்துக்கு எங்க நைனா கொடுத்தது. அவர் வேலை செய்த தோல் ஷாப்பில் கழித்துப் போட்ட தோலில் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தெரிந்த தையல்காரரிடம் கொடுத்துச் செய்வித்தது. அந்த முதலையை அழுத்தியதும் நைனாவாகவே இருக்கலாம். பிளேட் மிஷினில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர் அவர்.

ஆகவே இந்தக் கட்டுரை அந்தப் பைக்கு ஒரு வரலாறு எழுதிப் பார்க்கிற முயற்சி. என் சிரிப்புக்கும் சேர்த்துத்தான்.

பகட்டு, பம்மாத்து, ஜிகினா, மினுக்கு, பட்டிக்காட்டுத்தனம் என்று தமிழில் இதற்குச் சொற்கள் ஏராளம். ஒரு பொருள் தன்னை உயர்ந்ததாகக் காட்டிக்கொள்ள முயன்று அந்த முயற்சியிலேயே மாட்டிக்கொள்ளும்போது நாம் இச்சொற்களைப் பயன்படுத்துகிறோம். எங்கள் ஊரில் இந்த 'காட்டிக்கொள்ளும் முயற்சி' ஒரு தனித் தொழில். ஷிப்டு உண்டு, மிஷின் உண்டு, கூலி உண்டு. அதற்குப் பெயர் ஃபினிஷிங்.

தோலைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாட்டுத் தோலோ ஆட்டுத் தோலோ, பதனிட்டு முடிந்து மேசைக்கு வரும்போது அது ஒரு வாழ்க்கை வரலாறு. உண்ணி கடித்த புள்ளிகள் இருக்கும். முள் கிழித்த கோடு இருக்கும். நுகத்தடி தேய்த்த இடம் தடித்துக் கிடக்கும். தார்க்குச்சி குத்து, அம்மைத் தழும்பு, நோய்க்கு வைத்தியம் என்று இழுத்த சூடு, சொந்தக்காரன் அடையாளத்துக்குப் போட்ட சூடு எல்லாம் இருக்கும். ஏழைகளின் மாடு ஏழைகளைப் போலத்தான் உழைத்துத் தேய்ந்து சாகிறது. செலக்‌ஷன் மேசையில் நிற்பவர் ஒரு தோலை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு விநாடி பார்ப்பார், தரம் பிரித்து எறிவார். முதல் தரம் கொஞ்சம்தான் தேறும். மிச்சத்தை என்ன செய்வது? அங்கேதான் ஃபினிஷிங் வருகிறது.

முதலில் பஃபிங். உப்புத்தாள் சுற்றிய உருளையில் தோலின் மேல்முகத்தைச் சீவுவது. தழும்போடு சேர்ந்து தோலின் சொந்த ரேகையும் போய்விடும். அறை முழுக்கத் தோல் தூசி பறக்கும். எங்கள் தெருவில் இருமல் சத்தத்தை வைத்தே யார் எந்த செக்‌ஷன் என்று சொல்லிவிடலாம். பிறகு பிசின் கலவையை ஊற வைத்து, நிறமியை ஸ்பிரே அடித்து, மேலே லாக்கர் பூச்சு. கடைசியில் சூடான பிளேட்டுக்கு அடியில் வைத்து அழுத்தினால், சீவி எடுத்த ரேகைக்குப் பதிலாக பிளேட்டில் செதுக்கியிருக்கும் ரேகை தோலில் பதியும். பிளேட்டில் ஆட்டின் ரேகை இருந்தால் மாடு ஆடாகும். முதலை இருந்தால் முதலையாகும்.

நைனா இதை ஒரு வரியில் சொல்லுவார்: "காயத்த மறைக்கிறதுக்குத்தான்டா இம்மாம் பெரிய மிஷினு."

இதில் நுட்பமான ஒரு விஷயம் உண்டு. பளபளப்பு என்பதே மட்டமானது அல்ல. பளபளப்பிலும் சாதி உண்டு. ஐரோப்பியச் சீமாட்டிகள் அணிந்த மெருகேற்றிய ஆட்டுத்தோல் செருப்புகளுக்குப் பால், முட்டை, ரத்தம் ஆகியவற்றிலிருந்து எடுத்த கலவையைப் பூசி, கண்ணாடி உருளையால் திரும்பத் திரும்பத் தேய்த்து மினுக்கம் கொண்டுவந்தார்கள். பேடன்ட் லெதர் என்கிற கண்ணாடி மாதிரியான கறுப்புத் தோல், ஆளிவிதை எண்ணெயைப் பல தடவை பூசிக் காய வைத்துச் செய்தது, கனவான்களின் மாலை விருந்துக் காலணியாக இருந்தது. அதே மினுக்கத்தை லாக்கரில் கொண்டுவந்து எங்க சித்தப்பா பொங்கலுக்குப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தபோது அது 'மினுக்கு' ஆகிவிட்டது. வேதிப்பொருள் மாறியது உண்மைதான். ஆனால் பார்த்தவர்கள் வேதிப்பொருளைப் பார்த்தா சொன்னார்கள்?

இந்தப் பகுதியின் தோல் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் வேறொன்றைக் கேட்கலாம். மெருகு யார் கையில் இருந்தது?

ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிடும் முறை இங்கே பழையது. 1840களில் புதுச்சேரியில் குடியேறிய ஒருவர் அதைத் திருத்தியமைத்தார் என்றும், அதிலிருந்துதான் உலகச் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' தோல் என்று பெயர் பெற்ற சரக்கு உருவானது என்றும் சொல்கிறார்கள். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு என்று பாலாற்றை ஒட்டிய பேட்டைகளில் இத்தொழில் வளர்ந்தது. சாதி இந்துக்கள் தொட மறுத்த சரக்கு என்பதால் முதலாளிகள் பெரும்பாலும் முஸ்லிம்கள், குழியில் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகள். பின்னாளில் அந்நியச் செலாவணி கொழித்தபோது தீட்டு தன்னால் விலகிக்கொண்டது வேறு கதை.

இந்தத் தோல் கப்பலேறி லண்டனுக்குப் போனது. பெர்மாண்ட்சி பக்கத்துத் தோல்பட்டறைகளில் அது சாயமேறி மெருகேறிச் செருப்பாகவும் பையாகவும் ஆனது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸ் மேல்தோலுக்கு இந்தச் சரக்கை அரசாங்கமே மொத்தமாக எடுத்துக்கொண்டது. வர்த்தக மொழியில் நம் சரக்கின் பெயர் என்ன தெரியுமா? 'அரைப் பதன்' தோல். வாரக்கணக்கில் குழியில் ஊறி, பட்டைச் சாறு குடித்து, எருமை மாதிரி உழைத்து உருவாக்கியது பாதி. அவர்கள் கடைசியில் பூசுகிற மெருகு மறுபாதி. விலையில் பெரும்பாதி அந்த மறுபாதிக்கு. காலனியம் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டவற்றில் இந்த 'முடிக்கிற உரிமை'யையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

சென்னைக் கலைப்பள்ளியில் இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்ட்டன் என்கிற ஆங்கிலேயர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குரோம் பதனிடுதலைப் பரிசோதித்துப் பார்த்தார். முதலில் அவர் மனதில் இருந்தது பகட்டுப் பொருள் எதுவும் அல்ல. கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சால் தண்ணீரில் சீக்கிரம் அழுகாமல் இருக்க வேண்டும் என்பதுதான். பிறகு சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் நிறுவிய குரோம் தோல் கம்பெனியால் குரோம்பேட்டை என்று ஊரே உண்டானது. இதே சாட்டர்ட்டன்தான் சென்னையில் அலுமினியப் பாத்திரத் தொழிலையும் தொடங்கி வைத்தவர். அலுமினியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஓய்வு வர்க்கத்தைப் பற்றி 1899ல் எழுதிய வெப்லன், கையால் அடித்த வெள்ளிக் கரண்டியையும் மிஷினில் செய்த அலுமினியக் கரண்டியையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன. ஆனாலும் வெள்ளிக் கரண்டியில் நாம் காண்கிற 'அழகு' பெருமளவு அதன் விலைதான் என்றார். அவர் அமெரிக்கப் பணக்காரர்களைப் பார்த்து எழுதினார். இங்கே அலுமினியத் தட்டுக்கு வேறொரு வரலாறு இருக்கிறது.

1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கமோ வெள்ளியோ அணியக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக்கூடாது. சட்டை கூடாது. பெண்கள் மேலாடை போடக்கூடாது, பூ வைக்கக்கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு அணியக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் சாதி பற்றிய தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார். செருப்பைத் தைப்பவன் செருப்புப் போடக்கூடாது என்பதையும், மண்சட்டிக்கு மேல் ஆசைப்படக்கூடாது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். 'இவனுக்கு எதுக்கு இது' என்கிற கேள்வி அன்று தீ வைத்துக் கேட்கப்பட்டது. இன்று நம் மாதிரி ஆட்கள் அதை வெறும் சிரிப்பாகக் கேட்கிறோம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. குடிசை எரிவதும் மனம் சுருங்குவதும் ஒன்றாகாது. ஆனால் இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

மெருகு நம் கைக்கு வந்த கதைக்குத் திரும்புவோம். 1972ல் சீதாராமய்யா கமிட்டி அரைப் பதன் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலும் தோல் பொருளும் ஏற்றுமதி செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1973லிருந்து பச்சைத் தோல் ஏற்றுமதிக்குத் தடை, அரைப் பதன் தோலுக்குக் கோட்டா. ஒரு தேசிய முதலாளியக் கொள்கை என்ற அளவில் அதில் நியாயம் இருந்தது. எங்கள் பேட்டைகளில் டிரம் வந்தது, ஸ்பிரே வந்தது, பிளேட் மிஷின் வந்தது. வாரக்கணக்கில் ஆவாரங்குழியில் கிடந்த தோல் இப்போது குரோமில் ஒரு நாளில் தயார்.

அந்த வருஷங்களில் பக்கத்திலேயே இன்னொன்றும் நடந்தது. சென்னையை மையமாக வைத்துப் பெரிய அளவில் பாம்புத்தோல் வணிகம் நடந்துகொண்டிருந்தது. இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், மேற்கு நாடுகளில் பையும் பெல்ட்டும் ஆனது. 1972ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை. இருளர்கள் திடீரென்று குற்றவாளிகள் ஆனார்கள். 1978ல்தான் பாம்பு விஷம் எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் அவர்களுக்கு அமைந்தது. நிஜப் பாம்பு போனதால்தான் அச்சுப் பாம்பு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், அச்சு அதற்கு முன்பே உண்டு. ஆனால் நான் பார்க்க எங்கள் ஊர் ஷாப்புகளில் மலைப்பாம்பும் முதலையும் ஆட்டுத்தோலில் வரிசை கட்டி வந்தன. பிளேட் இத்தாலியிலிருந்து வரும். எந்த சீசனுக்கு எந்தக் கலர், எந்த மிருகம் என்பதை அங்கிருந்து வரும் ஷேடு கார்டு சொல்லும். கத்தரிப்பூ நிறத்தில் ஒரு முதலை வேண்டும் என்று ராணிப்பேட்டையில் ஒருத்தனும் கனவு காணவில்லை.

நண்பர் பார்த்த பையின் ரகசியம் இதுதான். ஆர்டர் முடிந்து மிச்சம் விழுந்தது, ஷேடு ஒத்துவராமல் திருப்பியடித்தது, பிளேட் கோணலாக விழுந்தது எல்லாம் ஸ்டாக் லாட் என்று பெரியமேட்டுக்கும் உள்ளூர்த் தையல்காரர்களுக்கும் போகும். ஐரோப்பாவின் போன சீசன் ஆசை, கழிவாகி, பாதி விலையில் எங்கள் அக்காக்களின் தோளுக்கு வருகிறது. அதைப் பார்த்துவிட்டு நாம் 'உள்ளூர் ரசனை' என்கிறோம்.

கிளெமென்ட் கிரீன்பெர்க் 1939ல் கிட்ச் பற்றி எழுதியபோது, கிராமத்திலிருந்து நகரத்துக்கு வந்து எழுதப் படிக்கக் கற்ற புதிய கூட்டத்துக்காக ஆலைகள் உற்பத்தி செய்கிற போலிப் பண்பாடு என்று அதை விளக்கினார். அதில் உண்மை உண்டு. ஆனால் அவருடைய சித்திரத்தில் அந்தக் கூட்டம் நுகர்வோராக மட்டுமே நிற்கிறது. போலியைச் செய்த கை அங்கே இல்லை. பூர்தியு 1979ல் வந்த தன் நூலில் இன்னும் ஆழமாகப் போனார். ரசனை என்பது வர்க்கங்கள் தங்களைப் பிரித்துக்காட்டிக்கொள்ளும் ஏற்பாடு, கீழே உள்ளவன் எட்டிப் பிடிக்கும்போது மேலே உள்ளவன் அடையாளத்தை மாற்றிக்கொள்வான் என்றார். இது எங்கள் ஊருக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. சாதி என்கிற ஒன்றைச் சேர்த்தால் இன்னும் பொருந்தும். தோலில் வேலை செய்பவனுக்கு நாற்றம்தான் முதல் பிரச்சினை. பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாகவே வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். லாக்கர் மினுங்குகிற ஷூவும், பவுடரும், ரெக்சின் உறை போட்ட சோபாவும் அந்த நாற்றத்துக்கு எதிராகக் கட்டிய சுவர். சோபாவின் பிளாஸ்டிக் கவரைக்கூடக் கிழிக்காமல் வைத்திருப்பார்கள், சிரிக்காதீர்கள். (ரெக்சின் என்பதே இங்கிலாந்தில் ஒரு கம்பெனியின் பெயர். துணிமேல் ரசாயனம் பூசி, தோல் மாதிரி ரேகை அழுத்தியது. நாள் முழுக்க நிஜத் தோலில் கை வைத்தவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தது ரெக்சினில்.)

என் கல்யாணம் சுயமரியாதைத் திருமணம். சென்னையிலிருந்து இலக்கிய நண்பர்கள் வந்திருந்தார்கள். நைனா வெள்ளை வேட்டிக்குக் கீழே கண்ணாடி மாதிரி மின்னுகிற கறுப்பு ஷூ போட்டுக்கொண்டு நின்றார். எனக்குக் கூசியது. "செருப்பு போட்டுக்குங்க நைனா, காலு கடிக்கும்" என்றேன். ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "கடிக்கலியே" என்றார். பிறகு போய் மாற்றிக்கொண்டு வந்தார். எட்டுத் தடைகளைப் பற்றி எழுதுகிற கை இது.

இதைச் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் சாய்வதற்கும் எனக்குச் சம்மதமில்லை. பகட்டைக் கலகம் என்று கொண்டாடும் கட்டுரைகள் சிறுபத்திரிகைகளில் வந்திருக்கின்றன. விளிம்புநிலையின் வண்ணக் கொண்டாட்டம், மேட்டிமை ரசனைக்கு மாற்று, இத்யாதி. அந்த வண்ணம் எங்கே காய்ச்சப்பட்டது என்று அவர்கள் கேட்பதில்லை. குரோம் ரசாயனம் தயாரித்த ஆலை ஒன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் 1990களின் நடுவில் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவைத் திறந்த வெளியில் விட்டுப் போனது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் தண்ணீர் மஞ்சளாக வந்தது. 1996 ஆகஸ்ட் 28ல் உச்சநீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது, ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்றும், இந்தப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியோ முழுதோ பாழாகிவிட்டது என்றும் பதிவு செய்தது. 2006ல் ஒரு அமெரிக்க அமைப்பு வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்கள் பட்டியலில் செர்னோபிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் பெயர் இருந்தது. 2015 ஜனவரி 31 விடியற்காலை கழிவு சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். மெரூன் பையை என்னால் கலகம் என்று எழுத முடியவில்லை.

ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1714ல் செஞ்சி தேசிங்கு ராஜாவை ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் போரில் கொன்றார். ராணி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாக நவாபே கட்டிய பேட்டை இது என்கிறார்கள், கெஸட்டியரும் அப்படித்தான் எழுதுகிறது. கொன்றவனே பெயர் சூட்டுகிறான். 2019ல் தனி மாவட்டம் ஆன பிறகு அந்தப் பெயர் இன்னும் பெரிய போர்டுகளில் மின்னுகிறது.

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. மேலே உள்ளவர்களுக்கு மினுக்கம் சலித்துவிட்டது. பட்டையில் பதனிட்ட தோல், பூச்சில்லாத தோல், இயற்கை ரேகை தெரிகிற தோல் என்றால்தான் மரியாதை. 'அரைப் பதன்' என்று ஓரங்கட்டப்பட்ட ஈஸ்ட் இந்தியா தோல் புவிசார் குறியீடு வாங்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் ஆவாரங்குழிகள் பெரும்பாலும் மூடியாகிவிட்டது. அதில் இறங்கத் தெரிந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று விரல்விட்டு எண்ணலாம்.

போன வருஷம் கண் ஆபரேஷனுக்காக நைனாவைச் சென்னைக்குக் கூட்டிப் போயிருந்தேன். திரும்பும்போது மழை. ஒதுங்கிய இடம் ஒரு கண்ணாடிக் கடை. உள்ளே தனியாக விளக்குப் போட்டு ஒரு பையை வைத்திருந்தார்கள். தேன் நிறம், பூச்சு இல்லை. ஒரு ஓரத்தில் புள்ளிகள், நடுவில் ஒரு தழும்பு. தொங்கவிட்ட அட்டையில், இந்தத் தோலில் உள்ள தடங்கள் குறைகள் அல்ல, அந்த மிருகத்தின் வாழ்க்கை என்கிற அர்த்தத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதியிருந்தது. விலை அக்கா கல்யாணச் செலவில் கால்வாசி இருக்கும். நைனா சரியாகத் தெரியாத கண்ணோடு அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, கட்டைவிரலால் அந்தத் தழும்பை ஒரு முறை தேய்த்தார்.

"சூடு போட்ட மாடு. ஆறாம் செலக்‌ஷன்" என்றார். பிறகு கடைப் பையனைப் பார்த்து, "இத்த ஏன் தம்பி ஃபினிஷிங்குக்கு அனுப்பாம உட்டாங்கோ?"